பிலோமினா அக்கா காருக்குள் சொன்ன கதை

என் வாயை மூடத் தெரிந்த ஒரே ஆளான பிலோ அக்காவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் குளிர் கிடையாது என்று உங்கள் அடக்கப் பூசையில் பங்குச் சுவாமி சொன்னார். அப்படியானால் நல்லது. இங்கே நவம்பர் முடியமுன்னமே மொன்ட்ரியால்-நோர் முழுக்க வெள்ளையாகிவிட்டது. நான் வழக்கம்போல ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு மற்றதை ஒற்றைக் கையில் மாட்டிக்கொண்டு திரிகிறேன். பார்த்தால் என்ன சொல்லுவீர்கள் என்று தெரியும். சொல்ல நீங்கள் இல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

கடிதம் எழுதுகிற ஆளா நான்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. நான் சொல்லச் சொல்ல எங்கள் வாசிப்பு வட்டத்து நிரூபா கணினியில் அடிக்கிறாள். "அண்ணை, இந்த வசனத்துக்கு முடிவே இல்லை" என்று அவள் குறை சொல்ல, "என்ர வாய்க்கு எப்ப முடிவு இருந்தது?" என்று நான் கேட்க, வேலை இப்படித்தான் நடக்கிறது. முடிந்ததும் நூலகத்தில் எங்கள் அறைக்கு வெளியே இருக்கிற பலகையில் ஒட்டப்போகிறோம். நூலகப் பொறுப்பாளர் மதாம் இசபெல் சம்மதித்துவிட்டா. ஆகவே அக்கா, இதை ஊரும் வாசிக்கும். பயப்படாதீர்கள், உங்கள் மானத்தை வாங்கமாட்டேன். கொஞ்சம்தான் வாங்குவேன்.

உங்களைத் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். நான் அந்த அறைக்கு முதல்நாள் வந்தது புத்தகத்துக்காக இல்லை, சூட்டுக்காக. சனிக்கிழமை காலையில் என் மகள் அனெத்தைச் சிறுவர் வாசிப்பு வட்டத்தில் விட்டுவிட்டு, அது முடியும்வரை பனிக்குள் நிற்க ஏலாமல் உள்ளே வந்தேன். அறையின் ஒரு பக்கத்தில் எங்கள் பிள்ளைகள் நிலத்தில் சப்பணமிட்டுப் பிரெஞ்சுப் புத்தகங்களோடு இருந்தார்கள். மறுபக்கத்தில் வட்டமாகப் போட்ட கதிரைகளில் பெரிய ஆட்கள். அதில் ஒரு கதிரையில் நீங்கள், மூக்கு நுனியில் கண்ணாடியோடு, ஒரு தமிழ் நாவலை உரத்து வாசித்துக்கொண்டிருந்தீர்கள். நான் கதவில் சாய்ந்து நின்றேன்.

"தம்பி, நிண்டு கேக்கிற ஆக்களுக்கு இஞ்ச இடமில்லை. வந்து இரும்."

"எனக்கு வாசிக்கத் தெரியாதக்கா."

"ஆர் உம்மை வாசிக்கச் சொன்னது? காது இருக்குத்தானே?"

"காதைவிட வாய்தான் எனக்குப் பெரிசு."

"அது பாக்கவே தெரியுது. அதைக் கழட்டி வாசல்ல சப்பாத்துக்குப் பக்கத்தில வைச்சிட்டு வாரும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முன்னே முந்திக்கொண்டு பகிடி விட்ட ஆளை அன்றைக்குத்தான் கண்டேன். அதற்குப் பிறகு என்னை "வாரும், இரும்" என்று நீங்கள் மரியாதையாகக் கூப்பிட்டதே இல்லை. "டேய் தாசன்" என்பதோடு சரி.

மற்ற வட்டங்களில் ஆளுக்கொரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வந்து பேசுவார்களாம். எங்களுக்கு நூலகத்தில் இருந்தது ஒரே ஒரு பிரதி. அதனால் நீங்கள் வாசிக்க, நாங்கள் கேட்டோம். புத்தகம் அறையின் அலுமாரிக்குள்ளேயே கிடக்கும். ஒருவரும் கொண்டுபோய் முன்னுக்கு ஓடக்கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டது நீங்கள்தான். கேட்கிற நாங்களும் சும்மா கேட்டதில்லை. கதையில் வருகிற மருமகள் சரியில்லை என்றால் நிரூபா அவளை ஏசுவாள். நான் மருமகளுக்காக வழக்காடுவேன். மதாம் இசபெல் வந்து மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போவா.

கடைசியில் பிள்ளைகளும் நாங்களும் ஒன்றாக இருப்போம். அவர்கள் வாசித்ததைத் தமிழில் எங்களுக்குச் சொல்லவேண்டும், நாங்கள் கேட்டதை அவர்களுக்குச் சொல்லவேண்டும். "அந்த நரி வந்தது, பேந்து... அது துக்கமாயிற்று" என்று அனெத் ஒரு முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் முடிப்பாள். நீங்கள் அதற்கும் கை தட்டினீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சவிரி அண்ணை மட்டும் உள்ளே வந்ததே இல்லை. கீழே வாகனத் தரிப்பிடத்தில், இயந்திரத்தை நிறுத்தாமல், காருக்குள் இருப்பார். நான் போய்க் கண்ணாடியில் தட்டுவேன்.

"அண்ணை, பெற்றோல் எரிச்சு இந்தக் கனடாவை நீங்கள்தான் சூடாக்கிறியள். உள்ள வாங்கோவன்."

"வாசிக்கிறது அவளின்ர வேலை. கார் ஓடுறது என்ர வேலை. நீ போ."

அன்றன்று வாசித்த கதையை வீட்டுக்குப் போகும் வழியில் நீங்கள் அவருக்குச் சொல்லுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். என்ன சொன்னீர்கள் என்பதுதான் தெரியாது.

போன குளிர்காலத்தில் நாங்கள் எடுத்த நாவலை நினைக்கிறேன். கரையோரக் கிராமம், ஒரு தாய், அவளுக்கு ஒரே மகன். மகன் கடலுக்குப் போகிறான், காற்று மாறுகிறது, வள்ளம் வரவில்லை. பாதிப் புத்தகம் முழுக்கத் தாய் கரையில் நிற்கிறாள். ஒவ்வொரு சனியும் நாங்களும் அவளோடு நின்றோம். பிறகு ஒரு சனிக்கிழமை அவனுடைய உடம்பு கரைக்கு வந்தது.

அந்தப் பக்கத்தை நீங்கள் வாசித்தபோது நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தேன். எல்லோரும் அப்படித்தான். உங்கள் குரல் நடுங்கவில்லை. கடைசி வசனம்வரை வாசித்து, அடையாளத்துக்கு நூலை வைத்துப் புத்தகத்தை மூடி, "இண்டைக்கு இவ்வளவு காணும்" என்றீர்கள். பிள்ளைகள் வந்து, அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். "செத்துப்போனான் பிள்ளையள்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

எங்கள் எல்லோருக்கும் உங்கள் டெனியைத் தெரியும். பார்த்ததில்லை, ஆனால் தெரியும். மன்னாரில் கடைசிச் சண்டைக் காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து இறக்கப்பட்ட பெடியன். அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. மகள் சுகந்தி உங்களை இங்கே கூப்பிட்டு எடுத்தபோது, நீங்கள் மடியில் வைத்துக்கொண்டு வந்த அவனுடைய படம் உங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. அதற்கு மாலை இல்லை, விளக்கு இல்லை. நவம்பர் வந்தால் எங்கள் பங்குக் கோயிலில் ஒவ்வொரு குடும்பமும் இறந்தவர்களின் பெயரைக் கொடுக்கும், ஆன்மாக்கள் திருநாள் பூசையில் சுவாமி அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார். நீங்கள் உங்கள் அப்பா அம்மாவின் பெயரைக் கொடுப்பீர்கள், அண்ணையின் அப்பா அம்மாவின் பெயரைக் கொடுப்பீர்கள். டெனியின் பெயரைக் கொடுத்ததில்லை. அவனுக்கு அவன் பிறந்தநாளில்தான் பூசை. சுகசெல்வத்துக்காக, உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பூசை.

அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கீழே காருக்குப் போனீர்களே அக்கா, கதவைத் திறந்து உள்ளே ஏறினீர்களே, அப்போது உங்கள் மனதில் என்ன இருந்தது?

ஏப்ரலில், தெருவோரப் பனியெல்லாம் ஊத்தைத் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தபோது, நீங்கள் நித்திரையிலேயே போய்விட்டீர்கள். யாரிடமும் ஒரு தேத்தண்ணிகூடக் கேட்காத மனுசி, போகும்போதும் ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்கவில்லை. உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என்னால் ஒரு பகிடியும் விட முடியவில்லை. மதாம் இசபெல் வந்து என் தோளைத் தொட்டு ஏதோ பிரெஞ்சில் சொன்னா. எனக்கு விளங்கவில்லை, ஆனாலும் அழுதேன்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் பக்கத்துக் கதிரைகள் அடுக்கியபடியே கிடந்தன. செப்டெம்பரில் பிள்ளைகளின் வட்டம் தொடங்கியபோது நிரூபாதான் அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். மகனைப் புதைத்த பிறகு அந்தத் தாய் எப்படி இருந்தாள் என்பதுதான் மிச்சக் கதை. அவள் இரண்டு பக்கம் வாசித்திருப்பாள், கதவு திறந்தது. சவிரி அண்ணை நின்றார்.

தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார். எது உங்கள் கதிரை என்று ஒருவரும் காட்டவில்லை, ஆனாலும் நேரே போய் அதில் இருந்தார். அதற்கு முன் அந்த அறையை அவர் கண்டதே இல்லை.

"குறை நினையாதேங்கோ. ஒரு விசயம் கேட்டுப்போவம் எண்டு வந்தனான். அந்தப் பெடியன் வீடு வந்து சேர்ந்திட்டானோ? அவள் சொல்லி முடிக்கேல்ல."

அக்கா, எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நிரூபா புத்தகத்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். புதைத்த பெடியன் எங்கே வந்து சேர்வது? வாசலில் கழற்றி வைத்திருக்கவேண்டிய என் வாய்தான் முந்திக்கொண்டது.

"இன்னும் இல்லையண்ணை. கொஞ்சம் பிந்தும்."

"ஓ" என்றார். கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார். "அப்ப நான் இருந்து கேக்கிறன்."

நிரூபா புத்தகத்தைச் சட்டென்று மூடி என் மடியில் வைத்தாள். "அண்ணை வாசிப்பார். இந்தக் கிழமை அவற்ற முறை" என்றாள். அவளுடைய கண் என்னை எரித்தது. புத்தகத்தில் இல்லாததை வாசிக்க அவளால் முடியாது. அவள் அப்படிப்பட்டவள். நான் எப்படிப்பட்டவன் என்று அவளுக்கும் தெரியும்.

நீங்கள் எதுவரை சொல்லியிருக்கிறீர்கள் என்று தெரியாமல் நான் எதை வாசிப்பது? "அண்ணை, கோடை லீவில எங்களுக்கெல்லாம் மறந்துபோச்சு. அக்கா சொன்னதை முதல்ல இருந்து ஒருக்காச் சொல்லுங்கோ, பேந்து நான் வாசிக்கிறன்" என்றேன்.

அவர் சொன்னார். காருக்குள்ளே நீங்கள் கட்டின கதையை அன்றைக்குத்தான் கேட்டோம்.

வள்ளம் கவிழ்ந்தபோது பெடியன் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டானாம். வெங்காயம் ஏற்றிப்போன ஒரு கப்பல் அவனைத் தூக்கியதாம். கப்பலில் வாய் ஓயாத சமையல்காரன் ஒருவன் இருந்தானாம். அவனுடைய தொல்லை தாங்காமல் பெடியன் திரும்பக் கடலில் குதிக்கலாமோ என்றுகூட யோசித்தானாம். "அந்தச் சமையல்காரன்ர பேர் தாசன்" என்று அண்ணை சொல்ல, அறை முழுக்கச் சிரித்தது. அக்கா, நீங்கள் என்னை விடவேயில்லை! பிறகு கப்பல் அவனை ஒரு பனி ஊரில் இறக்கிவிட்டதாம். அந்த ஊரில் ஒருவருக்கும் அவன் கதைக்கிறது விளங்கவில்லை. பாண் சுடுகிற ஒரு கடைக்கார மதாம் அவனுக்கு வேலையும் கொடுத்து ஒரு பெரிய குளிர் கோட்டும் கொடுத்தா. கடுகடுத்த வாயுள்ள ஒரு பிள்ளை அவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். நிரூபா தலையைக் குனிந்துகொண்டாள். மதாம் தன் நண்டுச் சூப்பை அவனுக்குக் கொடுக்க, அவன் வேண்டாம் என்றானாம். நண்டு தின்றால் அவனுக்கு உடம்பெல்லாம் தடிக்குமாம்.

"எங்கட டெனிக்கும் அப்பிடித்தான்" என்றார் அண்ணை. "நண்டு ஆகாது."



பிள்ளைகள் எப்போதோ புத்தகங்களை விட்டுவிட்டு அவருடைய காலடியில் வந்து இருந்துவிட்டார்கள். கடைசியாக, பெடியன் காசு சேர்த்து ஊருக்குப் பயணப்பட்டுவிட்டான், அதோடு நீங்கள் நிறுத்தியிருந்தீர்கள். நிரூபாவின் சின்ன மகன் கவின் அனெத்தின் காதில் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. அவன் செத்தவன்தானே என்று கேட்டான். அனெத் அவனுடைய தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள்.

"என்னவாம் தம்பிக்கு?" என்றார் அண்ணை.

"பசிக்குதாமண்ணை" என்றேன்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. செத்தான் என்று நீங்களே அவர்களுக்குச் சொன்னீர்கள், ஆனாலும் ஒவ்வொரு சனியும் பேசாமல் இருந்து நான் சொல்வதைக் கேட்டார்கள். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன் என்பது ஊருக்கே தெரியும். தடுமாறினால் யார் சந்தேகப்படுவார்கள்? புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, விரலை வரியின் கீழே ஓட்டிக்கொண்டு, அதில் இல்லாத பயணத்தை வாசித்தேன். அப்போது என் விரலுக்குக் கீழே அந்தத் தாய் மகனுடைய சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருப்பாள். என் கண்ணுக்கு அது எழுத்தெழுத்தாகத் தெரியும். வாய் வேறு எதையோ சொல்லும்.

பெடியனைக் கப்பலேற்றினேன், இறக்கினேன், பல்லுவலி வரவைத்தேன், ஒரு கலியாண வீட்டில் மறித்து வைத்தேன். வீட்டுக்குக் கொண்டுவர மட்டும் பயம்.

"என்ன தம்பி, ஆமையில ஏறி வாறானோ?" என்றார் அண்ணை ஒருநாள்.

"றோட்டுத் திருத்துகினமண்ணை. மொன்ட்ரியால் மாதிரி."

சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். நான் இதை விட்டுவிட்டு எப்படி அக்கா உண்மையை வாசிப்பேன்?

ஒக்ரோபர் நடுவில், அறையிலிருந்து ஒன்றாகக் கீழே இறங்கும்போது படியில் நின்றார்.

"கோயில்ல பேர் கேக்கினம். பிலோவின்ர பேரைக் குடுத்திட்டன். சுகந்தி சொல்லுறாள், தம்பியின்ர பேரையும் குடுங்கோ அப்பா, எத்தினை வருசம் இப்பிடியே வைச்சிருக்கிறது எண்டு. நான் சொன்னன், பொறு பிள்ளை, அந்தக் கதை முடியட்டும், பேந்து பாப்பம் எண்டு."

சொல்லிவிட்டு மெல்ல இறங்கிப் போய்விட்டார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

நிரூபாவைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவள் பிள்ளைகளின் கோட்டுகளின் ஜிப்பை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"வர வைச்சியள் எண்டால் அந்த மனிசன் சாகுமட்டும் வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கும்" என்றாள்.

"வராட்டில்?"

"வராட்டில்..." நிறுத்தினாள். "அதை என்னட்டைக் கேளாதேங்கோ."

"வராட்டில் டெனியைக் கொன்றது நானாகும், நிரூபா."

"அப்ப புத்தகத்தில உள்ளதை வாசியுங்கோ."

"இந்தா, நீ வாசி."

அவள் கையை நீட்டவில்லை. அந்தக் கிழமை முழுக்கப் புவாண்ட்-கிளேரில் வேலையிடத்தில் பெட்டிகளை இடம் மாறி மாறி அடுக்கினேன். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, சுகமில்லையா என்று கேட்டார். ஏனென்றால் நான் ஒரு நாள் முழுக்க ஒருவரையும் பகிடி பண்ணவில்லையாம். வேலை செய்யும்போதெல்லாம் உங்களைத்தான் ஏசினேன் அக்கா. அழகாகத் தொடங்கி, பெடியனை வழியில் விட்டுவிட்டு, முடிவை ஒரு படிக்காதவனின் தலையில் போட்டுவிட்டுப் போன மனுசி என்று ஏசினேன். இந்தக் கதையை எப்படி முடிக்க நினைத்திருந்தீர்கள்? முடிக்கத்தான் நினைத்திருந்தீர்களா?

அந்தச் சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு, பெயர் கொடுக்கக் கடைசி நாள். அண்ணை தலையை இழுத்து வாரி, இஸ்திரி போட்ட சேட்டோடு வந்திருந்தார். நல்லநாள் பெருநாளுக்குப் போகிற ஆள் மாதிரி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்தேன். பிள்ளைகள் அவரைச் சுற்றி இருந்தார்கள்.

பெடியனை பஸ்ஸில் ஏற்றினேன். சந்தியில் இறக்கினேன். ஒழுங்கையால் நடக்கவைத்தேன். நாய் குரைத்தது, பிறகு ஆளை அடையாளம் கண்டு வாலை ஆட்டியது. வீட்டில் வெளிச்சம் தெரிந்தது. வேலிப் படலைவரை வந்துவிட்டான். படலையில் கை வைத்தான்.

விரல் வரியின் கீழே நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல்முறை அக்கா, என் வாயில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள்.

"தம்பி" என்றார் அண்ணை. "புத்தகத்தை மூடு."

மூடினேன்.

"நான் சொல்லுறன்." தன் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். கவினைப் பார்த்துச் சொன்னார், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "பெடியன் வரேல்லையப்பு. வருவான் வருவான் எண்டு தாய் பாத்துக்கொண்டே இருந்தவ. நெடுகப் பாத்தவ. கடைசியில, இவன் வழி தெரியாமல் எங்கயோ நிக்கிறான், நான் போய்க் கூட்டிவாறன் எண்டு அவவே வெளிக்கிட்டிட்டா. தேப்பனுக்கும் சொல்லேல்ல. விடியப் பாத்தால் ஆளில்லை. இப்ப ரெண்டு பேரும் ஒரு இடத்தில நிக்கினம்."

கவின் யோசித்தான். "அப்ப அப்பா?"

"அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் வேலை கிடக்கு" என்றார்.

மதாம் இசபெல் கதவைச் சாத்த வந்தவ, அப்படியே கதவில் கை வைத்தபடி நின்றா. ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் போகவில்லை. அண்ணை எழும்பிக் கோட்டைப் போட்டார். கடைசிப் பொத்தானைப் பூட்டியபிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குச் சுவாமியிட்டை டெனியின்ர பேரையும் குடுக்கிறன். தாயின்ர பேருக்குப் பக்கத்தில எழுதச் சொல்லி."



ஆன்மாக்கள் திருநாள் பூசைக்கு நாங்கள் எல்லோரும் போனோம். நிரூபா சைவக்காரி, எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். நானும் அவளைப் பார்த்துத்தான் செய்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்தக் குடும்பம் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தவேண்டும். பிலோமினா சவிரிமுத்து என்று வந்தது. டெனிஸ் சவிரிமுத்து என்று வந்தது. அண்ணை முன்னுக்குப் போனார், சுகந்தி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு போனாள். உங்கள் திரியைக் கொளுத்தினார். இரண்டாவது திரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், நின்றுகொண்டே இருந்தார். சுவாமி அடுத்த பெயரை வாசிக்காமல் காத்திருந்தார். பிறகு உங்கள் திரியிலிருந்தே அதைக் கொளுத்திப் பக்கத்தில் வைத்தார்.

டெனியின் அம்மாவாக நீங்கள் அந்தப் பூசையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மறித்திருப்பீர்களா? எனக்குத் தெரியவில்லை. நாங்கள் செய்தது சரியா என்றும் தெரியவில்லை. சுகந்தி வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். நீங்கள் போனபோதுகூட அவள் அப்படி அழுததை நான் காணவில்லை. தம்பிக்காக அழுவதற்கு அவளுக்கு இவ்வளவு காலமும் அனுமதி கிடைக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. அது நீங்கள் கட்டின கதை என்று அண்ணைக்கு எப்போதிருந்து தெரியும்? பனி ஊரும், பாண் கடையும், தாசன் என்ற சமையல்காரனும் ஒரு பழைய நாவலில் எப்படி வரும் என்று அந்த மனுசன் ஒருநாளும் யோசிக்கவில்லையா? நீங்கள் அவருக்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தீர்களா, அல்லது நீங்கள் சொல்லவேண்டும் என்பதற்காக அவர் கேட்டுக்கொண்டு வந்தாரா? பொறுக்க ஏலாமல் போன கிழமை அவரிடமே கேட்டுவிட்டேன்.

"தனியக் கார் ஓடினால் நித்திரை தூங்கும் தம்பி" என்றார். "பக்கத்தில ஆள் கதைச்சுக்கொண்டு வந்தால் நல்லது."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் புடுங்க முடியவில்லை. நல்ல சோடி நீங்கள்.

வட்டம் நடக்கிறது அக்கா. பூசைக்கு அடுத்த சனியும் அண்ணை வந்தார். புத்தகத்தை அலுமாரியிலிருந்து அவரே எடுத்து என் கையில் தந்து, "இனி உள்ளதை உள்ளபடி வாசி" என்றார். வாசிக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான். ஒரு பக்கம் போக ஒரு சனிக்கிழமை பிடிக்கிறது, நிரூபாவுக்குப் பொறுமை போகிறது, ஆனால் புத்தகத்தைப் பறிக்கவில்லை. அந்தத் தாய் இப்போது சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் கொடுத்துவிட்டாள். அண்ணை அதைக் கேட்டுவிட்டு, "நல்ல காரியம்" என்றார். டெனியின் படத்துக்கு இன்னும் மாலை போடவில்லை. அது அவருடைய விருப்பம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கப் பழகுகிறேன், நம்புங்கள்.

அடுத்த நவம்பரில் அந்த இரண்டு பெயரையும் வாசிக்கும்போது அண்ணைக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். அதற்கடுத்த நவம்பரிலும். அவருடைய கை நடுங்கினால் திரியை நான் பிடிப்பேன். பகிடி விடமாட்டேன் அக்கா, சத்தியமாக. அவரே கேட்டால் தவிர.

இப்படிக்கு,
உங்கள் வயிற்றிலும் பிறக்காத, உங்கள் அம்மாவின் வயிற்றிலும் பிறக்காத, ஆனாலும் நீங்கள் ஏசி ஏசி வளர்த்த தம்பி,
தாசன்